வீரை மட்டும் நிற்கும் காடு

மட்டக்களப்பில் காடு பார்க்கப் போகிறவர் முதலில் வாவியைத் தாண்ட வேண்டும். கடலோரம் எழுவான்கரை. அங்கே தென்னை, வீடு, கடை, கோயில், பள்ளிவாசல், மறுபடியும் வீடு. வாவிக்கு மேற்கே படுவான்கரை. அது வயலும் குளமுமாக விரிந்து போகப்போகக் காட்டில் முடியும். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் கிடக்கும் இந்த நீர்ப்பரப்பைக் கடக்காமலே ஆயுளைக் கழித்தவர்கள் நகரத்தில் உண்டு. அவர்களுக்குக் காடு என்பது ஆனி, ஆடியில் சந்தைக்கு வரும் பாலைப்பழம். மஞ்சளாய், தின்றால் உதட்டில் பால் ஒட்டும் அந்தச் சின்னப் பழத்தைப் பையில் கட்டி விற்பார்கள். எப்படி இறக்கினார்கள் என்று வாங்குகிறவர் கேட்பதில்லை. எட்டிப் பறிக்கும் உயரமல்ல அது. கொப்பை வெட்டி விழுத்துவார்கள். சில இடங்களில் மரத்தையே.

நான் போனது ஓகஸ்டில். கச்சான் காற்று வீசும் காலம். மலைநாட்டில் மழையை இறக்கி வைத்துவிட்டு வரும் தென்மேற்குக் காற்று இந்தப் பக்கம் இறங்கும்போது வெறும் அனலாகத்தான் வரும். ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் பெய்து தீர்ந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வேருக்கு எட்டிய ஈரத்தில்தான் மரங்கள் உயிர் வைத்திருக்க வேண்டும். சிங்கராஜ மழைக்காட்டைப் பார்த்த கண்ணோடு வருகிறவர் இதைக் காடு என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். புழுதி படிந்த இலை, முள், நரை நிறத்து அடிமரம், காலடியில் சருகு நொறுங்கும் சத்தம். அழகைத் தேடி வருகிறவரை ஏமாற்றும் காடு இது. அதனாலேயே அதற்காக வாதாட ஆள் குறைவு என்று எனக்குப் படுகிறது.

கூட்டிப் போனவர் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தவர். படுவான்கரைப் பெண். இந்தப் பிரதேசத்தின் மரப்போர்வை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மதிப்பிடுவதை மேற்படிப்புக்கு எடுத்திருக்கிறார். அவருடைய மாமா எங்களுக்கு வழிகாட்டி. இளவயதில் காட்டுக்குள் மரம் அரிந்தவர், இப்போது வெள்ளாமையோடு நின்றுவிட்டவர். செய்மதிப் படங்கள் மருமகளின் மடிக்கணினியில் இருந்தன; மரங்கள் மாமாவின் தலையில். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களைப் போய்ப் பார்ப்பதுதான் பயணத்தின் திட்டம்.

வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வவுணதீவு. சிறுபோக அறுவடை முடிகிற தறுவாய். வீதியோரம் நெல் காய்ந்தது. வயல்களுக்கு நடுவே யானைக் காவல் பரண்கள். வாய்க்காலோரத்து மருதுகள் மட்டும் பச்சையாக நின்றன. காட்டுக்குள் இருக்க வேண்டிய யானை வயலுக்குள் வருவதைப் பற்றிப் படுவான்கரையில் யாரிடமும் கேட்கத் தேவையில்லை, தேத்தண்ணிக் கடையில் குந்தினால் போதும், தானாக வரும்.

ஆயித்தியமலைக்குப் போகும் வழியில் ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி, மாமா நிலைக்கதவைத் தட்டிக் காட்டினார். முதிரை. பொன்னிறத்தில் பட்டுப்போல் மினுங்கும் மரம். கறையான் அரிக்காது; சந்ததிக்கும் நிற்கும். இந்தக் கரையில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறவர் முதிரை நிலையும் கதவும் போட்டால்தான் மனம் ஆறுவார். 2004 ஆழிப்பேரலை எழுவான்கரை வீடுகளை அள்ளிக்கொண்டு போனது. அவற்றை மறுபடி கட்டி முடிக்கும் முன்பே போர் முடிந்து, படுவான்கரையிலும் புதிய வீடுகள் எழத் தொடங்கின. ஒவ்வொரு வீட்டுக்கும் நிலை, கதவு, யன்னல், தீராந்தி. மரக்காலைகளில் கிடந்த மரமெல்லாம் அனுமதிப்பத்திரத்தோடு வந்தது என்று சொல்ல மாமா தயாராக இல்லை. "பகல்ல வந்தது பெர்மிட்டோட வந்தது" என்றார். இரவில் வந்ததைப் பற்றி நாங்களும் கேட்கவில்லை.

உன்னிச்சைக் குளத்துக்கு மேலே காட்டு விளிம்பில் முதல் வேலை. இருபது மீற்றருக்கு ஐம்பது மீற்றர் கயிறு கட்டி ஒரு நீள்சதுரம். அதற்குள் நிற்கும் ஒவ்வொரு மரத்தையும், நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், அதாவது ஒரு மனிதனின் நெஞ்சு மட்டத்தில், நாடா சுற்றி அளப்பது. பிறகு விதானம். அதற்கு அவரிடம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு வளைவுக் கண்ணாடி இருந்தது. அதன்மேல் 24 சதுரங்கள் கீறப்பட்டிருக்கும். கண்ணாடியை மட்டமாகப் பிடித்து, மேலே உள்ள இலைக்கூட்டத்தின் பிம்பம் எத்தனை சதுரத்தை அடைக்கிறது, வானம் எத்தனையில் தெரிகிறது என்று எண்ணுவார். மாமாவுக்கு இது வேடிக்கை. "எங்கட புள்ள காட்டுக்குள்ளயும் கண்ணாடி பாக்குது" என்றார்.

சதுரங்களில் பெரும்பாலானவை இலையால் நிறைந்தன. எண்ணை எழுதிக்கொண்டு மருமகள் நிமிர்ந்தபோது முகத்தில் திருப்தி தெரிந்தது. செய்மதியும் இந்த இடத்தை அடர்ந்த காடு என்றுதான் காட்டுகிறது.

மாமா கயிற்றுக்குள் நடந்து காலால் சருகைத் தள்ளினார். ஒரு அடிக்கட்டை. சற்றுத் தள்ளி இன்னொன்று, உக்கிப் பாதி மண்ணாகியிருந்தது. "இது முதிரை. இது பாலை. அங்கால கிடக்கிறது கருங்காலி. அது என்ட காலத்துக்கு முந்தி." அறுத்த விதத்தை வைத்துக் காலம் சொன்னார். இழைத்து அரிந்த வெட்டு என்றால் இருவர் பிடித்த ஈர்வாள். கோணலாக, அவசரமாகப் போன வெட்டு என்றால் சங்கிலி வாள், இரவு வேலை. பிறகு நிற்கிற மரங்களைக் காட்டினார். வீரை, வீரை, காயா, வீரை, கொஞ்சம் பனிச்சை, மறுபடி வீரை.

வீரை இந்தக் காட்டின் மூத்த குடிமக்களில் ஒன்றுதான். ஆனால் அதன் அடிமரம் நேராக இராது, குழிவும் புடைப்புமாக முறுக்கிக்கொண்டிருக்கும். பலகை எடுக்க முடியாது. ஆகவே மரக்காரர் அதைத் தொடுவதில்லை. விறகுக்காரர் தொட்டால் உண்டு. முதிரையும் பாலையும் கருங்காலியும் ஒவ்வொன்றாகப் போக, அவை விட்ட வானத்தை வீரையும் காயாவும் கிளை விரித்து மூடிவிடுகின்றன. விதானம் நிறைந்திருக்கிறது. கண்ணாடியும் செய்மதியும் பொய் சொல்லவில்லை. அவற்றிடம் கேட்ட கேள்வி அவ்வளவுதான்.

இந்த இடத்தில் செய்மதி எப்படிக் காட்டைக் காண்கிறது என்று சொல்லிவிட வேண்டும். பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைத் திருப்பியடிக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஒரு இடத்தின் பசுமைக்கு மதிப்பெண் போடலாம். 1972 முதல் சுற்றிவரும் லான்ட்சாட் வரிசைச் செய்மதிகளின் படங்கள் 2008இல் இலவசமாக்கப்பட்ட பிறகு, கணினி வைத்திருக்கும் எவரும் இந்த வேலையைச் செய்ய முடிகிறது. 2013இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்து மத்தியூ ஹான்சன் குழுவினர் உலகம் முழுவதற்குமே இப்படி ஒரு மர வரைபடம் வெளியிட்டார்கள். அதில் ஒரு புள்ளி என்பது 30 மீற்றர் சதுரம். எங்கள் கயிற்றுக்குள் அடங்கிய நிலம் அதைவிடச் சற்றுத்தான் பெரிது. மாமா மணிக்கணக்காகப் பேசிய அந்தக் கட்டைகளும் வீரைகளும் எல்லாம் சேர்ந்து மேலே ஒற்றைப் பச்சைப் புள்ளி. அந்த வரைபடத்தில் மரம் என்றால் 5 மீற்றருக்கு மேல் வளர்ந்த எதுவும். தேக்கந்தோட்டமும் மரம், கஜுத் தோட்டமும் மரம்.

உலர் காட்டில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. கச்சான் காலத்தில் சில மரங்கள் இலையை உதிர்த்துவிடும், தேக்கு முழு மொட்டையாக நிற்கும். ஓகஸ்ட் படத்தை மட்டும் பார்த்தால் காடு அழிந்ததுபோல் இருக்கும். மார்கழியில் படம் எடுக்கலாமென்றால் மேகம் விடாது. தை கழிந்து மாசியில் மேகம் விலகும். அப்போது பார்த்தால், காட்டை வெட்டி எரித்துப் பயிரிட்டுக் கைவிட்ட சேனையில் முளைத்த பற்றையும் புல்லும் காட்டோடு போட்டி போட்டுப் பச்சையாக மினுங்கும். உலகம் முழுவதும் உலர்நிலக் காடுகளுக்கு இதே கதிதான். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், உயர்தெளிவுப் படங்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டு நிலங்களை மனிதக் கண்ணாலேயே ஒவ்வொன்றாகப் பார்த்து, அதுவரை கணக்கில் வராத 46.7 கோடி ஹெக்டேயர் உலர்நிலக் காடு இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு கண்டத்துக் காட்டையே காணாமல் விடக்கூடிய கணக்கு என்றால், உன்னிச்சைக் கரையில் நாலு முதிரை போனதை அது எங்கே காணும்?

உன்னிச்சைக் குளத்து நீர்தான் இன்று மட்டக்களப்பு நகரத்துக் குழாய்களில் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். காட்டைக் காணாத எழுவான்கரைக்காரர் அதைத் தினமும் குடிக்கிறார்.

எவ்வளவு குறைந்தது என்று கேட்டால், எதிலிருந்து குறைந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். இலங்கையில் இதற்கு வழக்கமாகக் காட்டும் தொடக்கக் கோடு 1956. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடிய விமானங்கள் தீவு முழுவதையும் படம் பிடித்த ஆண்டு அது. அந்தப் படங்களை வைத்து 1961இல் அச்சான காட்டுக் கணக்கு, நிலப்பரப்பில் சுமார் 44 சதவீதம் காடு என்றது. வன இலாகாவின் 2010 மதிப்பீடு 29.7 சதவீதம் என்றது. இடையில் வரையறைகள் மாறின, கருவிகள் மாறின. இரண்டு எண்களையும் கழித்து விடை சொல்வது பத்திரிகைத் தலைப்புக்கு உதவும், அவ்வளவே.

1956இல் இந்தக் காடு தொடப்படாமல் இருந்ததா என்றால் அதுவுமில்லை. 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப்பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசின் சொத்தாக்கியது. அன்றைக்கே சேனைக்காரன் குற்றவாளியானான்; உறுதி வாங்கியவர் வெட்டியது அபிவிருத்தியானது. மரத்துக்கென்று தனித் திணைக்களம் வந்தது 1887இல்தான். அதற்குள் கடலோரத்திலிருந்து வண்டி போகக்கூடிய தூரத்துக்கு நல்ல முதிரையும் கருங்காலியும் போய்விட்டிருந்தன. 1920களில் ரயில் பாதை பொலன்னறுவைப் பக்கமிருந்து புணாணைக் காட்டைக் கிழித்துக்கொண்டு வந்தது. 1924இல் ஷெல்டன் ஏகர் என்ற கப்பித்தான் புணாணையில் ஆட்கொல்லிச் சிறுத்தையொன்றைச் சுட்டுக் கொன்ற கதையை இன்றும் சொல்வார்கள். 1928இல் ரயில் மட்டக்களப்பை எட்டியது. தண்டவாளத்துக்குக் கீழே கிடத்தும் சிலிப்பர் கட்டைக்குப் பாலையைவிட உறுதியான மரம் இந்தத் தீவில் குறைவு. பாதை போட்ட காடே பாதைக்குக் கட்டையும் கொடுத்தது.

பிறகு கல்லோயா. 1949இல் தொடங்கிய அந்தத் திட்டம், அன்று மட்டக்களப்பு மாவட்டமாக இருந்த நிலத்தில், இங்கினியாகலையில் அணை கட்டிச் சேனாநாயக்க சமுத்திரத்தை உண்டாக்கியது. காடு வெட்டி வயலாகவும் கரும்புத் தோட்டமாகவும் குடியேற்றமாகவும் ஆனது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானதோடு, மட்டக்களப்பின் காட்டுக் கணக்கிலிருந்து அந்தப் பகுதி எழுத்தளவிலும் போய்விட்டது. இன்றைய மாவட்டத்தின் 2,854 சதுரக் கிலோமீற்றருக்குள் மட்டும் கணக்குப் பார்ப்பவருக்கு நடந்த மிகப்பெரிய வெட்டு தெரியவே தெரியாது.

1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளியை மட்டக்களப்பில் ஐம்பது வயது தாண்டிய எவரும் மறக்கவில்லை. தென்னந்தோப்புகள் படுத்துப்போனது எல்லோருக்கும் தெரியும். காட்டுக்கும் அதே அடி. பொலன்னறுவையில் 1968 முதல் குரங்குகளை ஆராய்ந்து வந்த வொல்ஃப்காங் டிட்டஸ், அந்தச் சூறாவளி தன் ஆய்வுக்காட்டை என்ன செய்தது என்று மரம் மரமாகப் பதிந்து 1985இல் ஒரு கட்டுரை எழுதினார். இடைக்கிடை வரும் இத்தகைய புயல்களும் இந்தக் காட்டை இந்த வடிவில் வைத்திருக்கும் சக்திகளில் ஒன்று என்பது அவர் பார்வை. மாமா இதை ஏற்றுக்கொண்டார். புயலில் விழுந்த மரத்தை அரிந்தே சில ஆண்டு பிழைத்ததாகச் சொன்னார். அப்போது யாரும் வெட்டத் தேவைப்படவில்லை. "காத்து வெட்டினா கேஸ் இல்லயே."

இன்னும் பின்னே போனால் கணக்கு முற்றாகக் குழம்பும். 1980களின் தொடக்கத்தில் மதுறு ஓயாவில் அணை கட்டத் தோண்டியபோது, நடுக்காட்டில், அதே இடத்தில், பழைய காலத்து அணையும் கல்லால் கட்டிய மதகும் வெளிப்பட்டன. புதிய பொறியியலாளர்கள் தேர்ந்த இடத்தைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒருவர் தேர்ந்திருக்கிறார். நாம் ஆதிக்காடு என்று கும்பிடும் உலர்வலயக் காட்டின் பெரும்பகுதி, பழைய குளங்களும் வயல்களும் கைவிடப்பட்ட பிறகு எழுந்த மறுகாடு என்பது காட்டியலாளர் பலரின் முடிவு. அப்படியானால் வயல் காடாக முடியும். எத்தனை நூற்றாண்டில், யார் யார் மறுபடி வந்து சேர்வார்கள் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்குச் சிறிய அளவில் ஒரு பதில் புல்லுமலை வீதியில் கிடைத்தது. செங்கலடியிலிருந்து கரடியனாறு வழியாக மலைநாட்டுக்குப் போகும் பதுளை வீதி அது. 1980களிலும் 1990இலும் போரால் இந்தப் பக்கத்து ஊர்கள் வெறிச்சோடின. முகாமிலும் எழுவான்கரை உறவினர் வீடுகளிலும் காலம் கழித்தவர்கள், 2007க்குப் பிறகு திரும்பினார்கள். அவர்கள் விட்டுப்போன வயலில் நாயுண்ணியும் சூரையும் ஈங்கும் ஏறி, அதற்குள்ளிருந்து மரங்களும் தலைகாட்டியிருந்தன. செய்மதிக் கணக்கில் அது வரவு. சனம் இடம்பெயர்ந்த துயரம் வரைபடத்தில் பச்சையாக விழுந்திருக்கிறது. திரும்பி வந்தவர் கத்தியும் கோடரியுமாகத் தன் காணியைத் துப்புரவாக்கியதும் அதே வரைபடத்தில் சிவப்புப் புள்ளி, காடழிப்பு.

வீதியோர வீடொன்றில் தண்ணீர் குடிக்க நின்றோம். வீட்டுக்காரப் பெண்ணுக்கு அறுபது இருக்கும். தங்கள் காணிக்குள் வன இலாகா எல்லைக்கல் நட்ட கதையை, பலமுறை மனுவாக எழுதிப் பழகியவரைப் போல வரிசையாகச் சொன்னார். "நாங்க விட்டுட்டுப் போகல்ல புள்ள, துரத்தினவன். திரும்பி வந்தா, இது காடு, உங்கட இல்லயாம். நான் புள்ள பெத்த வளவு காடாம்." கொல்லையில் ஒரு விளாவும் புளியும் காட்டினார். அவர் மாமியார் வைத்தவை. காட்டில் யாரும் புளி வைப்பதில்லை என்பது அவர் வாதம். சட்டத்தரணிகளிடம்கூட அவ்வளவு தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அரசின் நிலைப்பாடும் ஒரே இடத்தில் நின்றதில்லை. ஒதுக்கக் காடுகளுக்கு வெளியே எஞ்சிக் கிடந்த காட்டுத் துண்டுகளை 2001இன் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை வன இலாகாவின் பொறுப்பில் கொடுத்தது. 2020இல் அதை நீக்கி, அந்த எச்சக்காடுகள் பற்றிய முடிவைப் பிரதேச, மாவட்டச் செயலகங்களின் பக்கம் திருப்பினார்கள். சுற்றாடல்காரர் கொதித்தார்கள், சேனைக்காரர் பெருமூச்சு விட்டார்கள். என்னைக் கேட்டால் இருவருக்கும் நியாயம் உண்டு. ஆனால் காணிக்காரப் பெண்ணின் பெயரால் திறந்த கதவால் முதலில் நுழைவது பெரும்பாலும் புல்டோசர் வைத்திருப்பவர்தான். பத்து ஏக்கரைக் கையால் வெட்ட ஒரு குடும்பத்துக்கு எத்தனை காலம் வேண்டும் என்று மாமாவிடம் கேட்டுப் பார்க்கலாம்.

வடக்கே கிரானுக்கு வந்து, மாரியில் வெள்ளம் மூடித் தோணி விடும் பாதையால் குடும்பிமலைப் பக்கம் போனோம். ஆங்கிலேயரின் வரைபடத்தில் பாரன்ஸ் கப், சிங்களத்தில் தொப்பிகல. 2007 யூலையில் இராணுவம் இதைக் கைப்பற்றிய செய்திக்குப் பிறகுதான் கொழும்பில் பலர் இந்தப் பெயரை அறிந்தார்கள். போர்க்காலத்தில் வீதிகளின் இருமருங்கும் காடு வெட்டப்பட்டது. உள்ளே, மரக்காரர் போக அஞ்சிய இடங்களில், மரம் பிழைத்தது. உன்னிச்சையில் காணாத நெஞ்சளவு முதிரைகளை இங்கே சில இடங்களில் கண்டோம். மருமகள் நாடாவைச் சுற்றும்போது மாமா பேசாமல் தடவிப் பார்த்தார். விலை போடுகிறாரோ என்று எனக்குத் தோன்றியது. கேட்டேன். "பழக்கம் போகாது" என்று சிரித்தார்.

பட்டிக்காரர் ஒருவர் வாடியில் இருத்தித் தயிர் தந்தார். மாதவனை, மயிலத்தமடுப் பக்கம் மாடு மேய்க்கும் பரம்பரை. பெரும்போகம் தொடங்கி வயல்வெளியெல்லாம் விதைப்பானதும், படுவான்கரை மாடுகளுக்குப் போக்கிடம் இந்தத் தரைகள்தான். மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் 'பி' வலயத்துக்குள் அடங்கும் இந்த நிலத்தில் வெளிமாவட்டத்தவர் வந்து காடு துப்புரவாக்கிச் சோளம் போடுகிறார்கள் என்பதும், மாடுகள் வெடியிலும் மின்கம்பியிலும் சாகின்றன என்பதும் பண்ணையாளர்களின் முறைப்பாடு. 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் அவர்கள் வீதியோரம் குந்தித் தொடங்கிய போராட்டம் நாடறிந்தது.

மாடுதானே காட்டைத் தின்கிறது என்று நான் வாதுக்கு இழுத்தேன். இளம் கன்றைக் கடிக்கும், மிதிக்கும். புதுப்புல்லுக்காகப் பட்டிக்காரரே ஆடியில் தீ வைப்பார்கள் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். அவர் மறுக்கவில்லை. "தீ வைக்கிறவன் வைக்கிறான். ஆனா மாடில்லாத இடத்தில தீ வந்தா நிக்குமா தம்பி?" என்றார். கைவிட்ட சேனையில் ஆளுயரத்துக்கு வளரும் கினிப்புல் கச்சானில் காய்ந்து நிற்கும். ஒரு பீடித் துண்டு போதும். மாடு போன தரையில் எரிய ஒன்றும் இருக்காது.

கொஸ்தா ரிக்காவின் குவானகாஸ்தேயில் டானியல் ஜான்சன் என்ற காட்டியலாளர் 1980களில் கண்டதும் இதே சங்கதிதான். வெப்பவலயத்தின் பெரிய சூழல்தொகுதிகளில் உலர் காடுகளே மிகவும் ஆபத்தில் உள்ளவை என்று 1988இல் வாதிட்டவர் அவர். மழைக்காட்டுக்கு உலகமே அழுதுகொண்டிருந்த காலம் அது. பழைய மாட்டுப் பண்ணைகளைக் காடாக்க முனைந்தபோது முதல் எதிரி தீ; ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த உயரப் புல்லே அந்தத் தீக்கு எண்ணெய். மாட்டை உடனே விரட்டாமல், மரம் தலையெடுக்கும்வரை புல்லைத் தின்ன விட்டார்கள். குதிரையும் மாடும் சில மரங்களின் விதையைச் சாணத்தோடு பரப்பியும் கொடுத்தன. எத்தனை மாடு, எந்த மாதம், எந்த இடம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதைத் தமிழில் சொன்னபோது பட்டிக்காரர் அந்த ஆள் எந்த ஊர் மேய்ப்பன் என்று கேட்டார்.

பின்னேரம் வாடிக்கு மேற்கே கடைசி நீள்சதுரம் கட்டினோம். இம்முறை மாமா சொன்னபடி, பெரிய மரங்களை அளந்து முடித்த பிறகு நிலத்தில் குனிந்து நாற்றுகளை எண்ணினார் மருமகள். வீரைக் குஞ்சு நிறைய. முதிரை அங்கொன்றும் இங்கொன்றுமாக, வெளிச்சம் விழும் இடங்களில் மட்டும். அதன் விதைக்குச் சிறகு உண்டு, காற்று எங்கே போட்டதோ அங்கே. தாய்மரம் ஒன்று நின்றால் முதிரை மீளும் என்பதற்கு அது போதிய சான்று என்றார். பாலைக் குஞ்சு ஒன்றையும் காணவில்லை. இத்தனைக்கும் மேலே ஒரு பழம் பாலை நின்றது. கரடியும் குரங்கும் தின்று துப்பிய கொட்டை அடியில் கிடந்தது. முளைப்பதில்லையா, முளைத்ததும் காய்கிறதா, மான் கடிக்கிறதா? அடுத்த மாரிக்குப் பிறகு வந்து குறி வைத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதிக்கொண்டார்.

படிவத்தில் கடைசிப் பகுதி நில வகை. அடர்ந்த காடு, திறந்த காடு, பற்றை, தோட்டம், விவசாயம், குடியிருப்பு, நீர்நிலை என்று கட்டங்கள். பட்டிக்காரர் தோளுக்குமேலாக எட்டிப் பார்த்து ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். தன் மேய்ச்சல் தரை எதற்குள் வரும் என்று கேட்டார். மரமும் உண்டு, புல்லும் உண்டு, தனித்தனி இடமாக இல்லை. திறந்த காடு என்று போடலாம் என்றார் மருமகள். "அப்படிப் போட்டா வன இலாகா வரும்" என்றார் அவர். விவசாயம்? "சோளன்காரன் வருவான்." பற்றை? அதற்குக் காணி கேட்டு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று மாமாவே சொல்லிவிட்டார். மூவரும் அதைப் பேசி முடிக்கவில்லை. கிரான் பாதையில் யானை இறங்குமுன் போக வேண்டும் என்று மோட்டார் சைக்கிளைத் தள்ளும்வரை அந்தக் கட்டம் வெறுமையாகத்தான் இருந்தது; மருமகள் ஓரத்தில் பென்சிலால் 'மேய்ச்சல் தரை, மரத்தோடு' என்று எழுதிப் பையில் வைத்தார்.